ஸெப்பலின் பூட்லெக் சேகரிக்க ஆசையா? தேதியிலிருந்து ஆரம்பியுங்கள்

பெரம்பூரிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார். இங்கிலாந்து ராக் குழு லெட் ஸெப்பலினின் 1977 கச்சேரி ஒன்றை யூடியூபில் கேட்டு ஆடிப்போய்விட்டாராம். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ரசிகர் ஒருவர் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தது என்று கீழே போட்டிருந்ததாம். இப்படி அனுமதியில்லாமல் வெளியே வருவதற்குத்தான் பூட்லெக் என்று பெயர். தேடிப் போனால் அதே கச்சேரி நாலைந்து பெயர்களில் ஆல்பமாகக் கிடக்கிறது. 'ஜப்பான் ஒரிஜினல்' என்று மூன்று சிடி பெட்டி ஒன்றுக்கு ஒருவர் எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா, எதிலிருந்து சேகரிக்க ஆரம்பிப்பது, இதெல்லாம் சட்டப்படி சரியா அண்ணா என்று முடித்திருக்கிறார்.

வாங்க வேண்டாம் தம்பி. அந்தப் பெட்டிக்குள் இருப்பது சேகரிப்பவர்கள் காசு வாங்காமல் கைமாற்றிக்கொள்ளும் பதிவாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அதைவிட மோசமான நகலாக இருக்கும். எப்படித் தெரிந்துகொள்வது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்தப் பெயர்க் குழப்பம். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் கச்சேரி 1977 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்கில் நடந்தது. அந்த மாதம் ஸெப்பலின் அங்கே ஆறு இரவுகள் வாசித்தது: 21, 22, 23, 25, 26, 27. முதல் இரவின் பதிவு 'லிசன் டு திஸ் எட்டி' என்ற பெயரில் உலகம் சுற்றியது. எட்டி என்றால் கிதார் கலைஞர் எட்டி வான் ஹேலன், ஸெப்பலினின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜின் வாசிப்பைப் பற்றி அவர் ஏதோ இளக்காரமாகச் சொன்னதற்கு விற்றவர்கள் கொடுத்த பதிலடி அது என்று ஒரு கதை உண்டு. 23-ஆம் தேதிப் பதிவு 'ஃபார் பேட்ஜ் ஹோல்டர்ஸ் ஒன்லி'. அன்று தி ஹூ குழுவின் டிரம்மர் கீத் மூன் மேடையேறி ரகளை செய்தார். இந்தப் பெயர்களில் ஒன்றைக்கூட குழு வைக்கவில்லை, அட்டை அடித்து விற்றவர்கள் வைத்தது. இன்னொருவர் அதே டேப்பை எடுத்து, ட்ரெபிளை, அதாவது கூர்மையான உச்ச ஒலியை, கொஞ்சம் ஏற்றி, வேறு படம் வேறு பெயர் போட்டு 'புதிய பதிப்பு' என்பார். ஆறு பெட்டி வாங்கி ஆறும் ஒரே டேப் என்று பிறகு கண்டுபிடித்தவர்கள் இந்த ஊரிலேயே உண்டு.

ஆகவே பெயரை மனப்பாடம் செய்வதில் பிரயோஜனமில்லை. தேதி, ஊர், அரங்கம், இந்த மூன்றும்தான் கச்சேரியின் அடையாளம். அதற்கு அடுத்தபடி, அந்த இரவில் எத்தனை பேர் ரெக்கார்டர் வைத்திருந்தார்களோ அத்தனை 'சோர்ஸ்'. ஒருவர் மேடைக்கு எதிரே பத்தாவது வரிசையில் இருந்திருப்பார், இன்னொருவர் பால்கனியில் தூணுக்குப் பின்னால். பாட்டு ஒன்றுதான், கேட்பது இரண்டு வேறு கச்சேரி.

சென்னைக்காரருக்கு இது புரியாத விஷயமே இல்லை. மதுரை மணி ஐயர் 1968-ல் காலமானார். இன்றைக்கு நாம் கேட்கும் அவருடைய கச்சேரிகளில் பெரும்பகுதி யாரோ ஒரு ரசிகர் ஸ்பூல் ரெக்கார்டரில் பிடித்து வைத்ததுதான். அதைச் சேகரிக்கிற மயிலாப்பூர் மாமாக்களிடம் போய் 'மணி ஐயர் ஆல்பம் இருக்கா' என்று கேட்டுப் பாருங்கள், ஏற இறங்கப் பார்ப்பார்கள். எந்த சபா, எந்த வருஷம், வயலின் யார், மிருதங்கம் யார் என்றுதான் அவர்கள் பேச்சு ஓடும். சங்கீதப்ரியா தளம் முழுக்க இப்படி வந்து சேர்ந்த கச்சேரிகள்தான், வியாபாரம் கூடாது என்ற நிபந்தனையோடு. ராக் சேகரிப்பவர்களின் ஒழுங்கும் அதேதான். வாசிப்பவர் வேறு, சத்தம் வேறு, அவ்வளவே.

பூட்லெக் கதை சுருக்கமாக. 1969-ல் பாப் டிலனின் வெளிவராத பாட்டுகளைத் தொகுத்து 'கிரேட் ஒயிட் வொண்டர்' என்ற எல்பி இசைத்தட்டு கள்ளத்தனமாக வந்தது. அது வீட்டிலும் ஸ்டூடியோவிலும் எடுத்தவை. அதே வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி ஓக்லாந்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் வாசித்ததை ஒருவர் ஊவர் கையடக்க ஸ்பூல் ரெக்கார்டரும் சென்ஹைசர் ஷாட்கன் மைக்கும் வைத்துக் கூட்டத்திலிருந்தே பிடித்தார். சில வாரங்களில் அது எல்பியாகக் கடைக்கு வந்துவிட்டது. குழுவின் அதிகாரபூர்வ லைவ் ஆல்பம் 1970-ல்தான் வந்தது. அந்த எல்பி விற்ற வேகம்தான் கம்பெனியை உசுப்பியது என்று பலர் சொல்வார்கள்.

ஸெப்பலின் விஷயத்தில் பசி இன்னும் அதிகம். 1968-லிருந்து டிரம்மர் ஜான் பான்ஹாம் இறந்த 1980 வரை அவர்கள் வெளியிட்ட லைவ் ஆல்பம் ஒன்றே ஒன்று, 1976-ல். அதுவும் 1973 நியூயார்க் கச்சேரிகளை வெட்டி ஒட்டியது. மேடையிலோ ஒவ்வொரு இரவும் பாட்டு மாறும், 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' ஒன்றே அரைமணி நேரம் ஓடும். அதைக் கேட்க ரசிகர் டேப்பை விட்டால் வேறு வழி கிடையாது. 1970 செப்டம்பர் 4 ஃபோரம் கச்சேரி 'லைவ் ஆன் புளூபெர்ரி ஹில்' என்று எல்பியானது. மூன்றாவது ஆல்பம் அக்டோபரில்தான் கடைக்கு வந்தது. அந்த டேப்பில் கூட்டம் 'சின்ஸ் ஐ ஹாவ் பீன் லவிங் யூ'வை முன்பின் தெரியாமல் கேட்கிறது. நடுவில் யாரும் சேர்ந்து பாடுவதில்லை, முடிந்தபின் ஒரு கணம் தயங்கித்தான் கைதட்டல் எழுகிறது. ஸ்டூடியோ ஆல்பத்தில் இதைத் தேடினாலும் கிடைக்காது.

அந்த இரவை ஒருவருக்கு மேல் பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்தடுத்து போட்டுக் கேட்டால் மைக் இருந்த இடம் உடனே காதில் விழும். ஒன்றில் கிதார் முகத்துக்கு நேரே, ஆனால் குரல் அடங்கிப்போய். இன்னொன்றில் குரல் தெளிவு, பேஸ் மட்டும் ஊதிப்போய்க் கொழகொழவென்று. ஒன்றில் பக்கத்து இருக்கைக்காரர் விடாமல் பேசுகிறார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும், பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள்.

ஜப்பான் டேப்புகளுக்குத் தனி மவுசு வந்ததும் இதனால்தான். 1971 செப்டம்பரில் குழு முதல் தடவையாக ஜப்பான் போனது: டோக்கியோ, ஹிரோஷிமா, ஒசாகா. பாட்டு ஓடும்போது ஜப்பானியர் வாய் திறப்பதில்லை. ஒரு சாதாரண ரெக்கார்டர்கூட அங்கே நன்றாகப் பிடித்துவிடும்.

சவுண்ட்போர்டு என்று ஒன்று சொல்வார்கள். மிக்ஸரிலிருந்து நேராக வயர் இழுத்து எடுத்தது. 1977 ஏப்ரல் கிளீவ்லாந்து கச்சேரி 'டெஸ்ட்ராயர்' என்று பெயர் பெற்றது அந்த ரகம். புதிதாக வருபவர்கள் சவுண்ட்போர்டு என்றாலே உசத்தி என்று அலைவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மிக்ஸருக்குப் போவது அரங்கில் உரக்கக் கேட்க வேண்டியவை மட்டும்தான். கூட்டம் இல்லை, அரங்கத்தின் எதிரொலி இல்லை, பான்ஹாமின் டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல வறண்டு கிடக்கும். நல்ல ரசிகர் பதிவில் அதே டிரம் நெஞ்சில் வந்து இடிக்கும்.

நல்ல ரசிகர் பதிவு என்றாலே மைக் மில்லார்ட் பெயர்தான் முதலில் வரும். கலிபோர்னியாக்காரர், 1970களில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் நடந்த பெரிய கச்சேரிகள் பலவற்றைப் பிடித்தவர். நகமிச்சி 550 கேசட் டெக், ஏகேஜி 451இ மைக் இரண்டு. அந்த டெக் சட்டைக்குள் ஒளிக்கிற சமாச்சாரமில்லை, சின்னப் பெட்டி அளவுக்கு இருக்கும், கனமும் அதிகம். அதனால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார், நண்பர் ஒருவர் தள்ளிக்கொண்டு போவார், டெக் அவருக்கு அடியில் இருக்கும். வாசலில் சோதனை போடுபவர்கள் சக்கர நாற்காலிக்காரரைத் தடவிப் பார்ப்பார்களா? மைக்குகள் தொப்பியில். நீங்கள் கேட்ட 1977 ஜூன் 21 பதிவு இப்படி எடுத்ததுதான்.

நல்ல கருவி மட்டும் காரணமில்லை. 1977-ல் ஸெப்பலின் மூன்று மணி நேரத்துக்கு மேல் வாசித்தது. சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷம்தான். எப்போது திருப்புவது, எப்போது மாற்றுவது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பாடகர் ராபர்ட் பிளான்ட் பேசும்போது இருட்டில் கையால் தடவி மாற்ற வேண்டும். மட்டமான டேப்புகளில் ஸோலோவின் நடுவில் சத்தம் அறுந்து போவதற்குக் காரணம் இந்தக் கேசட் திருப்பல். இன்னொருவர் பதிவிலிருந்து அந்த அரைநிமிஷத்தை எடுத்து ஒட்டுவதற்குப் 'பேட்ச்' என்று பெயர். ஹெட்ஃபோனில் கேட்டால் ஒட்டு போட்ட இடம் தெரியும். அரங்கம் திடீரென்று அளவு மாறினாற்போல இருக்கும்.

பிடிபட்டால் கதை கந்தல். ஸெப்பலினின் மேனேஜர் பீட்டர் கிரான்ட் ஆறடிக்கு மேல் உயரம், முன்னாள் மல்யுத்தக்காரர், ரெக்கார்டரைக் கண்டால் உடைத்துவிட்டுத்தான் பேசுவார். 1971-ல் வான்கூவரில் கூட்டத்தின் நடுவே ஒரு கருவியைப் பார்த்து, திருட்டுப் பதிவு என்று அடித்து நொறுக்கினார். அது அரங்கின் இரைச்சலை அளக்க அதிகாரிகள் வைத்திருந்த மீட்டர்.

இனி நீங்கள் தினமும் பார்க்கப் போகும் விஷயம், வம்சாவளி. ஆங்கிலத்தில் லினியேஜ் என்பார்கள். ஒழுங்கான பதிவு எதுவும் தனியாக வராது, கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். அதில் இப்படி ஒரு வரி வரும்: மைக் > டெக் > மாஸ்டர் கேசட் > முதல் தலைமுறை கேசட் > டாட் > சிடிஆர் > ஈஏசி > ஃபிளாக். இடமிருந்து வலமாகப் படியுங்கள். டாட் என்பது டிஜிட்டல் டேப், சிடிஆர் வீட்டில் எழுதும் சிடி, ஈஏசி சிடியைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் மென்பொருள், ஃபிளாக் தரம் குறையாமல் சுருக்கிய ஃபைல். மாஸ்டர் கேசட் என்பது அரங்கில் ஓடிய அதே கேசட். அதிலிருந்து எடுத்த நகல் முதல் தலைமுறை, அதிலிருந்து எடுத்தது இரண்டாவது. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் இரைச்சல் ஏறும், ட்ரெபிள் தேயும், வேகம் சற்றுப் பிசகும். டாட் வந்ததும் டிஜிட்டல் ஆகிவிட்டது, அதற்குப்பின் எத்தனை நகல் எடுத்தாலும் ஒன்றும் குறையாது. அதனால் 'டாட்' என்ற சொல்லுக்கு இடப்பக்கம் எத்தனை கேசட் இருக்கிறது என்று எண்ணினால் போதும். எண்ணிக்கையே இல்லாமல் 'தெரியாத தலைமுறை' என்று போட்டிருந்தால் போட்டவர் நேர்மையானவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வம்சாவளியே இல்லாமல் 'அல்டிமேட் ரீமாஸ்டர்' என்று மட்டும் இருந்தால் தள்ளிப் போங்கள்.

அதனால்தான் ஒரு பழைய கச்சேரிக்கு இன்றைக்கும் 'அப்கிரேடு' வருகிறது. மில்லார்ட் 1994-ல் இறந்தார். அவர் நாற்காலியைத் தள்ளிய நண்பர் தன்னிடம் பெட்டியில் கிடந்த கேசட்களைச் சில வருஷங்களுக்கு முன் வெளியே கொடுத்தார். அதுவரை மூன்றாம் நான்காம் தலைமுறையில் கேட்டுப் பழகிய பல கச்சேரிகள் திடீரென்று கண்ணாடி துடைத்ததுபோல வந்தன. முன்னே காசு கொடுத்துப் பெட்டி வாங்கியவர்கள் கையில் இருப்பது பழைய நகல்.

வம்சாவளியில் சொன்னதை அப்படியே நம்பவும் வேண்டாம். இரண்டு சோதனை செய்யுங்கள், இரண்டுக்கும் காசு செலவில்லை.

முதலாவது, ஃபைலை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றுங்கள். கீழே தடித்த மஞ்சளும் வெள்ளையுமாக இசை, மேலே போகப் போக மங்கும். கேசட்டிலிருந்து வந்த இசை 12, 14 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் டேப்பின் 'ஹிஸ்' இரைச்சல் இருக்கும், 20 கிலோஹெர்ட்ஸ் தாண்டியும் புகைபோலப் பரவி நிற்கும். அந்தப் புகை 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் சீவினாற்போல ஒரே நேர்கோட்டில் நின்று, மேலே கறுப்பாக இருந்தால், வழியில் எங்கோ எம்பி3 ஆகிவிட்டு மறுபடி ஃபிளாக் வேஷம் போட்டு வந்திருக்கிறது. ஒலியைச் சுருக்கிப் பதியும் மினிடிஸ்க் வழியாக வந்தவையும் இப்படி மேல்பக்கம் வெட்டுப்பட்டிருக்கலாம். எதுவானாலும் சேகரிப்பில் வைக்கத் தகுதியில்லை, காதுக்குக் கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள்.

இரண்டாவது, சுருதி. கேசட் டெக்குகள் ஒன்றுபோல் ஓடுவதில்லை. 'ஸ்டேர்வே டு ஹெவன்' ஏ மைனரில் தொடங்கும் பாட்டு. கீபோர்டோ போனில் ட்யூனர் செயலியோ வைத்துப் பாருங்கள். அரைக் கட்டை ஏறியிருந்தால் டேப் ஏறக்குறைய 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். மூன்று மணி நேரக் கச்சேரியில் பத்து நிமிஷம் காணாமல் போய்விடும், பிளான்ட் குரல் கீச்சென்று இருக்கும். 'அன்னைக்கு என்ன வேகம்டா' என்று சிலாகிக்கப்படும் சில கச்சேரிகளின் வேகம் டெக்கின் வேகம்தான். வேகத்தைச் சரிசெய்வது தப்பில்லை. ஆனால் சரிசெய்ததை டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிவைக்க வேண்டும்.

செய்யக்கூடாதது இரைச்சல் நீக்கம். ஹிஸ்ஸை எடுக்கிறேன் என்று மென்பொருளை ஓட்டினால் சிம்பல் சத்தமும் கைதட்டலும் தண்ணீருக்குள் கேட்பதுபோல் நொளநொளவென்றாகும். போனது போனதுதான். விற்பனைக்கு வரும் 'ரீமாஸ்டர்' பெட்டிகள் நிறைய இந்த வேலையைச் செய்திருக்கும்.

விற்பனை என்றதும் சந்தை பற்றிக் கொஞ்சம். 1980களின் கடைசியில் இத்தாலி, ஜெர்மனிச் சட்டங்களில் இருந்த ஓட்டைகளால் அங்கே லைவ் சிடிக்கள் கிட்டத்தட்டப் பகிரங்கமாக அச்சாயின. உலக வர்த்தக அமைப்போடு வந்த 'டிரிப்ஸ்' ஒப்பந்தம் மேடைக் கலைஞரைக் கேட்காமல் பதிவு செய்வதைத் தடுக்கும் உரிமையை நாடுகளுக்குக் கட்டாயமாக்கியது, அந்தக் கடைகள் படுத்துவிட்டன. டோக்கியோவின் மேற்கு ஷின்ஜுகு பகுதிக் கடைகள் மட்டும் அசரவில்லை. உங்களிடம் சொன்ன 'ஜப்பான் ஒரிஜினல்' என்பது அந்த ரகம். ஜிம்மி பேஜே அந்தக் கடைகளுக்குள் போய்த் தன் குழுவின் பூட்லெக்குகளை அள்ளிக்கொண்டு வருவார் என்பது ரசிகர் வட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதே பேஜ் 2007-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நீதிமன்றத்தில் பூட்லெக் விற்ற ஒருவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். இரண்டும் எனக்கு முரணாகத் தெரியவில்லை. கேட்கிறவன் மேல் அவருக்குக் கோபமில்லை, காசு பார்த்தவன் மேல்தான்.

நம் நாட்டுச் சட்டம்: 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் மேடைக் கலைஞர்களுக்குத் தனி உரிமை கொடுத்தது. அதன் காலம் முதலில் 25 ஆண்டு, 1999-ல் 50 ஆனது. சொந்த உபயோகத்துக்காக ஒருவர் பதிவு செய்துகொள்வதற்கு அதிலேயே விலக்கு உண்டு. நகல் எடுத்து விற்பதற்குக் கிடையாது. காசில்லாமல் கைமாற்றுவது விற்பனையைப்போல இல்லை என்றாலும் சட்டத்தின் கண்ணில் சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். கிரேட்ஃபுல் டெட் குழு 1984-லிருந்து பதிவு செய்பவர்களுக்குத் தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தது. ஸெப்பலின் அப்படியில்லை, எப்போதும் சம்மதித்தது கிடையாது. என் நிலை இதுதான்: அதிகாரபூர்வமாக வந்ததைக் காசு கொடுத்து வாங்குகிறேன், வராததைக் காசில்லாமல் கேட்கிறேன், விற்பவனுக்கு ஒரு பைசா கொடுப்பதில்லை. காலமும் மாறிக்கொண்டிருக்கிறது. மில்லார்ட் 1975 ஏப்ரல் 26-ல் பிடித்த பிங்க் ஃபிளாய்ட் கச்சேரியை 2025-ல் அந்தக் குழுவே, ஸ்டீவன் வில்சனைக் கொண்டு செப்பனிட்டு, 'விஷ் யூ வேர் ஹியர்' பொன்விழாப் பதிப்பில் சேர்த்துக்கொண்டது. சக்கர நாற்காலிக்கு அடியில் ஒளிந்து போன டேப் கம்பெனி லேபிளோடு கடைக்கு வந்துவிட்டது.

இதையெல்லாம் படித்தும் ஆசை விடவில்லை, அந்தப் பெட்டியை ஒருமுறை பார்க்கவாவது வேண்டும் என்றால், சிடியைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் பளிச்சென்று வெள்ளியாக இருந்தால் அச்சில் போட்டது. பச்சையோ நீலமோ ஊதாவோ சாயல் அடித்தால் சிடிஆர், யாரோ வீட்டுக் கம்ப்யூட்டரில் எரித்தது. ரிச்சி தெருவில் ஸ்பிண்டில் கணக்கில் வாங்கிய வெற்று சிடிக்கும் வழவழப்பான அட்டைக்கும் எட்டாயிரம் கொடுக்க உங்கள் அப்பா சம்பாதிக்கவில்லை.

எதிலிருந்து ஆரம்பிப்பது? என் சிபாரிசு 1972 ஜூன் 25, ஃபோரம். காரணம் இருக்கிறது. 2003-ல் பேஜ் வெளியிட்ட 'ஹவ் த வெஸ்ட் வாஸ் வன்' இந்த இரவையும் ஜூன் 27 லாங் பீச் இரவையும் கலந்து செய்த ஆல்பம். அதை முதலில் வாங்கிக் கேளுங்கள், அற்புதமான ஒலி. அப்புறம் 25-ஆம் தேதியின் ரசிகர் பதிவை எடுங்கள், 'பர்ன் லைக் எ கேண்டில்' என்ற பெயரில் திரிவது. ஆல்பத்தில் இல்லாத 'லூயி லூயி', 'தேங்க் யூ', 'கம்யூனிகேஷன் பிரேக்டவுன்' எல்லாம் கடைசியில் வரிசைகட்டி வரும், குழு மேடையைவிட்டு இறங்க மனசில்லாமல் வாசித்துக்கொண்டே போகிறது. பேஜ் எங்கே கத்தரி வைத்தார், எந்தப் பாட்டு எந்த இரவிலிருந்து வந்தது என்று ஒப்பிட்டுக் கேட்டால் ஒரே வாரத்தில் காது பழகிவிடும்.

அதன்பின் 1970 செப்டம்பர் 4. பிறகு 1971 ஒசாகா. 1975 போகும்போது கவனம். ஜனவரியில் பேஜுக்கு விரலில் அடி, பிளான்ட்டுக்கு ஃப்ளூ, அந்த வாரங்களின் டேப்புகளைக் கேட்டுக் குழுவை எடைபோடாதீர்கள். மார்ச்சுக்குத் தாண்டுங்கள். 24, 25, 27 ஃபோரம் இரவுகள் மில்லார்ட் கைவண்ணத்தோடு இருக்கின்றன. 1977 உங்களிடம் ஏற்கெனவே வந்துவிட்டது. எல்லாத் தேதியையும் வைத்திருக்க வேண்டும் என்ற வெறி வரும். வந்தால் ஹார்டு டிஸ்க் நிறையும், கேட்பது நின்றுபோகும். இந்த வியாதிக்காரர்கள் சிலரை எனக்கு நன்றாகத் தெரியும். பட்டியலை ஒப்பிப்பார்கள், எந்த இரவில் ஸோலோ எப்படி என்று கேட்டால் முழிப்பார்கள்.

ஒரு சின்னச் செய்தி, நம் பக்கத்து சம்பந்தம் என்பதால். பேஜும் பிளான்ட்டும் 1972-ல் பம்பாயில் உள்ளூர் இசைக்கலைஞர்களோடு உட்கார்ந்து 'ஃபிரெண்ட்ஸ்', 'ஃபோர் ஸ்டிக்ஸ்' இரண்டையும் பதிவு செய்தார்கள். கச்சேரி இல்லை, ஸ்டூடியோ. பல வருஷம் பூட்லெக்காகத்தான் அலைந்தது. 2015-ல் குழுவின் 'கோடா' ஆல்ப மறுபதிப்பில் முறையாக வந்துவிட்டது, அதைத் தேடிக் கேளுங்கள்.

கடைசியாகப் பாதுகாப்பு. சென்னையில் கேசட்டும் சிடிஆரும் நிலைக்காது. பர்மா பஜாரில் வாங்கிய நல்ல டிடிகே கேசட்டுகூட நாலு மழைக்காலம் அலமாரியில் கிடந்தால் டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டும் பாழ், அடுத்து போடும் கேசட்டும் பாழ். யாராவது மாமா பழைய கேசட் பெட்டி ஒன்றைக் கொடுத்தால் முதலில் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் டேப்பைச் சாய்த்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் மட்டும் ஓட்டுங்கள், ஓட்டும்போதே டிஜிட்டலாக்கிவிடுங்கள், மறுபடி ஓடும் என்பது நிச்சயமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்த பலருக்கு மொத்தச் சேகரிப்பும் ஒரே இரவில் போனது.

மூன்று மணி நேரக் கச்சேரி ஃபிளாக்கில் சுமார் 1 ஜிபிதான். ஒரு டிஸ்க் வீட்டில், ஒரு டிஸ்க் வேறு வீட்டில். ஃபோல்டர் பெயரில் வருஷம், மாதம், நாள், ஊர், சோர்ஸ் என்ற வரிசை, 1977-06-21 என்று தொடங்கினால் கம்ப்யூட்டரே காலவரிசையில் அடுக்கிவிடும். பூட்லெக் பெயர் வேண்டுமென்றால் கடைசியில் போட்டுக்கொள்ளுங்கள். கூட வரும் டெக்ஸ்ட் ஃபைலையும் எம்டி5 ஃபைலையும் அழிக்காதீர்கள். எம்டி5 இருந்தால் பத்து வருஷம் கழித்தும் ஒரு பிட் மாறியிருக்கிறதா என்று சரிபார்க்கலாம். பயணத்தில் கேட்க எம்பி3 வேண்டுமா, போனுக்குத் தனியாக மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள். யாராவது கேட்டால் ஃபிளாக்கை டெக்ஸ்ட் ஃபைலோடு சேர்த்துக் கொடுங்கள், பென் டிரைவ் அவர்களே கொண்டுவரட்டும்.